தண்ணீரில் வந்த லோரி

அம்மனை நம்பும் அன்பர்களுக்கு, கிள்ளானிலிருந்து விஜயா எழுதுகிறேன். என் கணவர் இன்று உயிரோடு இருப்பது மாரியம்மன் போட்ட பிச்சை. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் சொல்லும்போது சந்தோஷம் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

அந்த டிசம்பரில் விடாத மழை. எங்கள் தாமான், குடியிருப்பு முழுக்க இடுப்பளவு தண்ணீர். கணவருக்கு டயாலிசிஸ் தவறிப்போய்க் கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. போன் செய்த இடமெல்லாம் படகு வரும் என்றார்கள். வரவில்லை. மாடியில் உட்கார்ந்து அழுதேன். "தாயே, இவரைக் காப்பாத்திக் கொடு. பால்குடம் எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஹாரன் சத்தம். எதிர்வீட்டு சேகர், போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். மேட்டில் நிறுத்தியிருந்த கம்பெனி லோரியைத் தண்ணீருக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டான்.

"கம்பெனியில ஒத்துக்குவாங்களா தம்பி?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்க்கா. அண்ணனத் தூக்குங்க லா."

சாலை எது, சாக்கடை எது என்று தெரியவில்லை. சக்கரம் உள்ளே இறங்கினால் அவ்வளவுதான். தெருவில் தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் துடைப்பக் கம்போடு இறங்கி, தரையைக் குத்திப் பார்த்து, ஓரத்தைக் காட்டிக்கொண்டே முன்னால் நடந்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். அவர் பிழைத்தார்.

திரும்பும் வழியில் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து லோரி நின்றுவிட்டது. சேகருக்கு வேலை போனது. முதலாளியிடம் போய்க் கெஞ்சினோம், நடக்கவில்லை. குடும்பத்தோடு ஜொகூருக்குக் கிளம்பிவிட்டான். "ஏன்க்கா அழறீங்க? அண்ணே நல்லாருக்காருல்ல" என்றான். அது இன்னும் நெஞ்சை அறுக்கிறது. ஏன் தாயே இப்படிச் செய்தாய் என்று பல நாள் அவளோடு சண்டை போட்டிருக்கிறேன்.

ஆடியில் பால்குடம் எடுத்தேன். சேகர் பெயரிலும் அர்ச்சனை செய்தேன். பிறகு தெருக்காரர்கள் கூடிச் சாக்கடை ஓரம் நெடுக உயரமான இரும்புக் குழாய்களை நட்டு, சிவப்புச் சாயம் பூசினோம். அடுத்த வெள்ளத்தில் அவற்றைப் பார்த்துத்தான் படகு வழி தப்பாமல் வந்தது. நடக்க முடியாதவர்களை இப்போது தண்ணீர் ஏறும் முன்பே தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம். எதிர்வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். மழை வலுத்தால் என் காது இன்னும் அந்த ஹாரனைத்தான் தேடுகிறது.

நம்பி வேண்டிக்கொள்ளுங்கள். அவள் கைவிட மாட்டாள். ஆனால் அவள் யாரை அனுப்புவாளோ, அவருக்கும் சேர்த்தே வேண்டிக்கொள்ளுங்கள். நான் என் கணவருக்கு மட்டும்தான் கேட்டேன்.