கசக்காத காப்ஸ்யூல்

1. புது டிரம்

புது டிரம்மில் வந்திறங்கிய பொடியின் ரீடிங்கைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்து எழுதிப் பயனில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு காப்ஸ்யூல் கம்பெனியில் நான் சரக்கின் தரம் பார்க்கும் க்யூ.சி. கெமிஸ்ட். லேப் என்றால் ஒரு மேசை, நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஒரு கலரிமீட்டர், ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த என் கோட், அவ்வளவுதான். அங்கே ஓடிய சரக்கு ரெய்ஷி என்னும் மருத்துவக் காளான். காய்ந்தால் மரக்கட்டை மாதிரி இருக்கும். வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்து தோற்றுவிடும். அதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று பீட்டா குளூக்கான். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் என்று ஆய்வுக்கூடங்களில் பார்த்திருந்தார்கள். சுலபத்தில் வெளியே வராது, வெந்நீரில் மணிக்கணக்கில் காய்ச்சி வடிக்க வேண்டும். இன்னொன்று டிரைடெர்பீன். அந்தக் கசப்பு அதனுடையது.

இரண்டையும் தனித்தனியாக அளக்க எங்களிடம் வசதி கிடையாது. பீனாலும் சல்ஃப்யூரிக் ஆசிட்டும் ஊற்றுவோம், ஆரஞ்சு நிறம் வரும், கலரிமீட்டரில் ரீடிங் எடுத்து ‘டோட்டல் பாலிசாக்கரைடு’ என்று எழுதுவோம். பீட்டா குளூக்கானும் மாவுச்சத்தும் எல்லாம் அந்த ஒரே பெயருக்குள் அடக்கம். சர்க்கரையைப் போட்டாலும் சோற்றைப் போட்டாலும் அதற்கு அதே ஆரஞ்சுதான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற டெஸ்ட் அது.

முதலாளி சப்ளையரை மாற்றியிருந்தார். புதுச் சரக்கில் ரீடிங் பழையதைவிட இரண்டு மடங்கு. நான் சிரித்துக்கொண்டிருந்தபோது காப்ஸ்யூலில் பொடி நிரப்பும் ஃபில்லிங் மெஷின் ஆபரேட்டர் ஏகாம்பரம் லேப் வாசலில் வந்து நின்றார். அயனம்பாக்கத்துக்காரர், அப்பா காலம் வரை வயல் கூலி. மெஷினில் எந்நேரமும் தூசி பறக்கும். எல்லாச் சரக்கின் ருசியும் அவர் உதட்டுக்குத் தெரியும்.

“மேடம், இது கசக்கவே இல்லியே. அரிசி மாவு மாரி கீது.”

“நம்பர் நல்லா வந்திருக்கு ஏகாம்பரம்,” என்றேன்.

அவர் போன பிறகு மனசு கேட்கவில்லை. ஒரு சிட்டிகைப் பொடியில் அயோடின் விட்டேன். பேனா மை மாதிரி நீலமாக மாறியது. ஸ்டார்ச், அதாவது வெறும் மாவு. தானியத்தில் காளான் இழையை வளர்த்து, அது காளானாகும் முன்பே தானியத்தோடு சேர்த்து அரைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

முதலாளியிடம் ஓடினேன். அவர் கோபப்படவில்லை. சரக்கில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதிய தாளைத் தட்டிக் கேட்டார்.

“ஸ்பெக்ல என்னம்மா போட்டிருக்கு?”

“டோட்டல் பாலிசாக்கரைடு சார்.”

“ஸ்டார்ச் பாலிசாக்கரைடா, இல்லையா?”

“பாலிசாக்கரைடுதான் சார்.”

“அப்புறம் என்ன? கையெழுத்தப் போடும்மா.”

போட்டேன். அந்த ரிப்போர்ட்டைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து கேன்டீன் சுவரில் ஒட்டச் சொன்னார்.

2. சனிக்கிழமை டப்பா

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம். நெளிந்தது, மூடி சரியாக உட்காராதது, இப்படிக் கழித்த காப்ஸ்யூல்களை ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பார்கள். சனிக்கிழமை தொழிலாளிகள் வேண்டியதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். முதலாளி அதை தர்மம் என்று நினைத்தார். ஏகாம்பரம் வாராவாரம் இரண்டு கை அள்ளுவார். யாருக்கு என்று ஒருநாள் கேட்டேன்.

“ஊட்ல சம்சாரத்துக்கு மேடம். மார்ல கட்டி. ஆஸ்பத்திரில ஊசி போட்டாங்க. முடியெல்லாம் கொட்டிக்கிச்சு, வாந்தி வாந்தியா எடுத்துச்சு. இப்போ ஊசிய நிறுத்திட்டு இத்தத்தான் குடுத்துகினு கீறேன். இது நல்லா ஒத்துக்குது.”

ஒத்துக்கொள்ளாமல் என்ன, மாவுதானே. அசல் ரெய்ஷியாகவே இருந்தாலும் அது ஊசிக்கு மாற்று ஆகாது.

“ஆஸ்பத்திரிய விட்டுடாதீங்க ஏகாம்பரம். இது சும்மா கூடச் சேத்துச் சாப்பிடறதுதான்.”

“இன்னா மேடம், நீங்களே இப்டி சொல்றீங்கோ? பழைய சரக்கவிட டபுள்னு நீங்கதான கையெழுத்து போட்ருக்கீங்கோ. கேன்டீன் சொவத்துல கீதே. அத்தப் பாத்துட்டுத்தான் ஊசிய நிறுத்துனேன்.”

அந்த இடத்தில் ‘அது ஸ்டார்ச்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றார். வேலை போய்விடும் என்று பயந்தேன். திங்கட்கிழமை தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வந்தது, போனது. அப்படியே நான்கு மாதம் ஓடியது. என்னைப் போல ஒரு கோழை அந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டிலேயே இருந்திருக்க மாட்டாள்.

அவர் மனைவி கன்னியம்மாள் படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

“எப்போ தெரியும் உங்களுக்கு?”

“டிரம் வந்த அன்னிக்கே.”

அவர் ஆட்டோ பிடிக்கப் போனார். கட்டி நுரையீரல் வரைக்கும் போய்விட்டது, இனி ஊசி போட்டுப் பிரயோசனமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆடி பிறக்கும் முன்பே கன்னியம்மாள் இறந்துபோனாள்.

3. ரிப்போர்ட் சரி

காரியம் முடிந்து ஏகாம்பரம் வேலைக்குத் திரும்பினார். அந்தச் சனிக்கிழமை, பேக்கிங்கில் இருந்த ஒரு பெண் அம்மாவின் சுகருக்கு என்று டப்பாவுக்குள் கை விட்டாள். அவர் மெஷினை நிறுத்தினார்.

“வாணாம்மே. அது வெறும் மாவு. சுகருக்கு மாவக் குடுத்தா இன்னா ஆவுறது? உங்கம்மாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ.”

மெஷின் சத்தம் நின்றிருந்ததால் ஷெட் முழுக்கக் கேட்டது. சாம்பிள் எடுக்க வந்த நானும் அங்கேதான் நின்றிருந்தேன். முதலாளி ரூமிலிருந்து வெளியே வந்தார்.

“மாவுன்னு யாருய்யா சொன்னது?”

ஏகாம்பரம் என் பெயரைச் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

“எனுக்குத் தெரியும் சார்,” என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. ரிப்போர்ட் சரியா, தப்பா?”

ஒரு வார்த்தை போதும். எல்லோரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ரிப்போர்ட் சரிதான் சார்,” என்றேன்.

திங்கட்கிழமையிலிருந்து ஏகாம்பரம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் இன்னும் பல வருஷம் அங்கேயே வேலை பார்த்தேன்.

இன்று லேபில் சேருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் டெஸ்ட் எதை அளக்கவில்லை என்பதையும் அதே தாளில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எழுத விடமாட்டார்கள். அப்போது என்ன செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள்.