மரத்தடியில் நடந்ததைச் சொன்ன கிருபை அக்கா

பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் உச்சிவேளையில் போன் வந்தால் 'என்ன விஷயம்?' என்று யாரும் கேட்பதில்லை. 'எந்தக் கம்பெனி?' என்றுதான் கேட்போம். சென்ற வாரம் பள்ளியில் இருந்தபோது வந்த போனுக்கு நானும் அப்படித்தான் கேட்டேன்.

"கம்பெனி இல்ல டீச்சர். கிருபை அக்கா போயிட்டாக. வீட்டுலதான்" என்றாள் அக்காவுக்குத் துணையாக இருந்த மாரீஸ்வரி.

நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு வருடமாகப் படுத்திருந்தவர்தான். ஆனாலும் அவர் தன் கட்டிலிலேயே கண்ணை மூடினார் என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவருக்கு அப்படி ஒரு சாவு வாய்க்கும் என்று எங்கள் தெருவில் யாரும் நினைத்திருக்கவில்லை.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே உள்ள எங்கள் ஊரில் அவர் என் எதிர்வீட்டுக்காரர். இருவரும் ஒரே கிறிஸ்தவ சபை. கல்யாணமாகி வந்த நாள் முதல் பட்டாசுக் கம்பெனியில் வேலை. கணவர் இறந்த பிறகும் அதே வேலைதான். காலையில் கம்பெனி வேனில் ஏறியதும் கண்ணை மூடிச் சத்தமாக ஜெபம் செய்வார். "கும்பிடுறதுக்குக் கோயில் இருக்குல்ல, வேனு எதுக்கு?" என்று மற்ற பெண்கள் எரிச்சல்படுவார்கள். "வெடிக்கிறது கோயில்லயா, கம்பெனியிலயா?" என்று கேட்டுவிட்டு அக்கா மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வார்.

சில வருடங்களுக்கு முன் தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது அவர் கம்பெனியில் வெடி விபத்து நடந்தது. ஓர் அறைக்குள் இத்தனை பேர்தான் இருக்கலாம், வெளியில் உட்கார்ந்து வெடிமருந்தைத் தொடவே கூடாது என்பதெல்லாம் விதி. ஆனால் கம்பெனியை உள்குத்தகைக்கு எடுத்திருந்த தனசிங், ஆர்டர் முடியவில்லை என்று பாதிப் பேரை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து மருந்து அடைக்கச் சொன்னார். அவரும் எங்கள் சபைதான், கமிட்டியிலும் இருந்தவர். காளிராஜ் என்ற பையன் மட்டும் எழுந்து, "அண்ணாச்சி, வெயிலு ஏறுது, மருந்து சூடாகுது. நாளைக்கு அடைப்போமே" என்று சொல்லியிருக்கிறான். "சாயந்தரம் லோடு போகணும்லே. உக்காரு" என்று பதில் வந்தது. கிருபை அக்கா தண்ணீர் எடுக்கத் தொட்டிப் பக்கம் போயிருந்தார். குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்பும்போது மரத்தடியே தெரியவில்லை, புகைதான் தெரிந்தது. அந்தப் புகைக்குள் நுழைந்து இரண்டு பெண்களை அவர் இழுத்து வந்தார். காளிராஜை எடுக்க முடியவில்லை. அவனைக் கட்டி வந்த மாரீஸ்வரிக்கு அப்போது கழுத்தில் மஞ்சள் கயிறு நிறம் மாறவில்லை.

மறுநாளே ஊரில் ஒரு பேச்சு பரவியது. காளிராஜ் குடித்துவிட்டு வந்தான், மருந்துத் தட்டைத் தரையில் போட்டு இழுத்தான், அதனால்தான் தீப்பிடித்தது என்றார்கள். உயிர் பிழைத்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். மாரீஸ்வரி தண்ணீர்க் குழாய்க்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

விசாரணைக்கு முன்னால் தனசிங் அக்கா வீட்டுக்கு வந்தார். நான் அப்போது அக்காவின் கைப்புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

"நீயும் அப்படியே சொல்லிரு கிருபை. செத்தவன் எந்திரிச்சு வந்து கேக்கப் போறானா?" என்றார்.

"அவன் கேக்க மாட்டான் அண்ணாச்சி. கேக்குறவரு ஒருத்தர் இருக்காரே. ஞாயித்துக்கிழமை நீங்களும் நானும் அவர் முன்னாலதான முழங்கால் போடுறோம்?"

தனசிங் சிரித்தார். எழுந்து போகும்போது கூரையை அண்ணாந்து பார்த்து, "ஓலைக் கூரை. பாத்து இருந்துக்கோ" என்றார்.

சாத்தூரில் அதிகாரி முன்னால் அக்கா நின்றபோது துணைக்கு நான் போயிருந்தேன். மரத்தடியையும் காளிராஜ் சொன்னதையும் தனசிங் சொன்ன பதிலையும் அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். வெளியே வந்ததும், "பயமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"பயமில்லன்னு எவ சொன்னா? இருக்கத்தான் செய்யுது டீச்சர். விசுவாசம் இருந்தா பயம் போயிரும்பாக. எனக்குப் போகல. அதையும் கூட்டிக்கிட்டுத்தான் வந்தேன்."

அதற்குப் பிறகுதான் கெட்ட காலம் தொடங்கியது. கம்பெனிக்குச் சீல் வைத்து, தனசிங்கைக் கைது செய்தார்கள். சீசன் நடுவில் ஊர் முழுக்க வேலை போனது. வேறு கம்பெனி வேன்களும் அவருக்காக நிற்கவில்லை. அவர் புகைக்குள்ளிருந்து இழுத்து வந்த பெண்களில் ஒருத்தியே வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "எங்க அடுப்ப அணைச்சிட்டியேடி" என்று அவள் கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் யாரோ சரவெடியைப் பற்றவைத்து அவர் வீட்டு வாசலில் எறிந்தார்கள். கூரையோரம் பொறி விழுந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தோம். எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் தெருவில் கதவைத் திறக்கவில்லை.

சபையும் அவரைத் தேற்றவில்லை. "கோயிலுக்குள்ள கம்பெனிய இழுத்துட்டு வராத. நம்ம ஆளையே காட்டிக் குடுத்துட்டியே" என்று கமிட்டிப் பெரியவர் ஒருவர் எல்லோர் முன்பும் கேட்டார். "செத்தவன் நம்ம சபை இல்லங்கிறதுக்காகப் பழிய அவன்மேல போடச் சொல்றீகளா?" என்று அக்கா திருப்பிக் கேட்டார். அன்று முதல் அவர் உட்காரும் பாயில் யாரும் உட்காரவில்லை.

ஜாமீனில் வந்த தனசிங் அடுத்த ஞாயிறே ஆராதனைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சபைப் போதகரான ஐயர் ஜெபிக்க அழைத்ததும் கிருபை அக்கா எழுந்தார். "ஆண்டவரே, தனசிங் அண்ணாச்சியக் காப்பாத்தும். அவர் கையால இன்னொரு உசுரு போயிராம அவரைத் தடுத்து நிறுத்தும்" என்று உரத்த குரலில் ஜெபித்தார். யாரும் ஆமென் சொல்லவில்லை. தனசிங் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். பைக் உறுமிய சத்தம் அடங்கும்வரை அக்கா உட்காரவில்லை.

காளிராஜ் மீது தவறில்லை என்று கடைசியில் அதிகாரிகள் முடிவு செய்தார்கள். அதைச் சொல்ல வந்த மாரீஸ்வரி அக்காவின் மடியில் தலை வைத்து வெகுநேரம் கிடந்தாள். கடைசி வருடத்தில் அக்காவைக் குளிப்பாட்டியதும் கஞ்சி ஊட்டியதும் அவள்தான். நெற்றியில் குங்குமம் இல்லாத அந்த இந்துப் பெண்ணின் கையைப் பிடித்தபடியே அக்காவின் உயிர் பிரிந்தது.

அடக்கத்துக்கு வந்தவர்கள் குறைவு. சீசன் நேரம், லீவு போட்டால் வேலை போய்விடும் என்றார்கள். சபைப் பத்திரிகைக்கு நாலு வரி எழுதித் தரும்படி கமிட்டியில் கேட்டார்கள். "நல்லாப் பாட்டுப் படிப்பாகன்னு எழுதுங்க டீச்சர். கம்பெனி விஷயம் மட்டும் வேண்டாம்" என்றார்கள். அவர் பாடி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் அந்தப் பத்திரிகைக்குத் தராமல் இதை இங்கே எழுதுகிறேன்.

அவருடைய பொருட்கள் எதுவும் என்னிடம் இல்லை. பயத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவர் காட்டியது மட்டும் இருக்கிறது. இதை எழுதும்போது எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் சீல் எடுத்து மறுபடியும் திறந்த அந்தக் கம்பெனியில் இப்போது வேறு பெயர்ப் பலகை தொங்குகிறது. நடத்துபவர் தனசிங்கின் மைத்துனர். நேற்று அந்த வழியாக வந்தேன். ஒரு பக்கம் கருகி மறுபக்கம் தழைத்திருக்கும் அந்த வேப்பமரத்தடியில், வெயில் ஏறிய நேரத்தில், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தேன். எங்கே கேட்டாலும் வந்து சொல்வேன்.