கம்ப்யூட்டருக்கும் கொஞ்சம் எண்ணெய்

போன ஞாயிறு காலை, காபி ஆறுவதற்குள் நகரியிலிருந்து போன். மச்சான் முனிரத்தினம்.

"மாமா, கம்ப்யூட்டர் எழுந்துக்க மாட்டேங்குது. மூணு தபா 'பீப்'னு கத்திட்டு சும்மா கீது. உடனே வா!"

திருப்பதியில் இருக்கும் என்னை ஏன் கூப்பிட வேண்டும்? ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறேன் அல்லவா... அவர்கள் கணக்கில் நான் இன்ஜினியர்!

விஷயம் அவசரம்தான். மச்சான் மகள் சுமதிக்கு அமெரிக்காவில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பிரசவத்துக்குப் போக அவள் அம்மா, என் தங்கை காஞ்சனாவுக்கு விசா கிடைக்கவில்லை. பேத்தியை அன்று பதினொரு மணிக்கு வெப் கேமராவில் காட்டுவதாக ஏற்பாடு. பஸ் பிடித்து ஓடினேன்.

சுமதி எம்.சி.ஏ. படித்தபோது வாங்கின அசெம்பிள்டு பெட்டி அது. மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரே பஞ்சு. விசைத்தறிக்குப் பக்கத்து அறை, வேறென்ன இருக்கும்? ஆனால் பஞ்சு ஏன் பிசுபிசுக்கிறது?

"ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் எண்ணெய் வுட்டேன் மாமா. இது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி? உள்ள இருக்கிற ஃபேன் வேற கிறீச்சு கிறீச்சுன்னு அழுதுகினு இருந்திச்சி..."

தறிக்கு விடுகிற எண்ணெய்! திட்டத்தான் நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

பஞ்சை பிரஷ்ஷால் வாரினேன். மெமரி கார்டைப் பிடுங்கி, பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துச் செருகினேன். மறுபடியும் மூன்று பீப்.

"வருமாண்ணா?" என்றாள் காஞ்சனா. தெரியாது என்று எப்படிச் சொல்வது? கார்டைப் பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றினேன். ஒரே ஒரு பீப் — திரையில் வெளிச்சம்!

மணி பதினொன்று. "சத்தத்துல புள்ள பயந்துக்கப் போவுது" என்று மச்சான் தன் தறிகளை நிறுத்தினார். தெருவுக்கே சொல்லி வைத்திருப்பார் போலிருக்கிறது, அக்கம்பக்கத்துத் தறிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

திரையில் சுமதி. மடியில் துணிச்சுருள், நடுவே ஒரு குட்டி முகம். காஞ்சனா மானிட்டரை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள்.

சுமதியோ மிரண்டுபோய்ப் பார்த்தாள். "நைனா, தறி ஏன் நின்னுகினு கீது? யாருக்கு இன்னா ஆச்சு? மறைக்காம சொல்லு!"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கரண்ட் இருக்கும்போது அந்தத் தெருவில் மொத்தத் தறியும் நின்றால், யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம். கடல் தாண்டிப் பிள்ளை போன வீடுகளில் இப்படித்தான் — இங்கே எது கொஞ்சம் மாறினாலும் அங்கே நெஞ்சு அடைக்கிறது.

"யாருக்கும் ஒண்ணும் இல்லடி!" என்று காஞ்சனா கத்தியும் சுமதியின் அழுகை நிற்கவில்லை. மச்சான் ஓடிப்போய் ஸ்விட்ச்சைப் போட்டார். தடதடவென்று தெருவே கூடச் சேர்ந்துகொண்டது. சுமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.

அப்புறம் அரைமணி நேரம் எல்லோரும் மாற்றி மாற்றிப் பேசினோம். ஒரு வார்த்தைகூட யாருக்கும் கேட்கவில்லை... பரம திருப்தி!