வேதப்புத்தகத்தின் வெற்றுத் தாள்

மோட்டார் சைக்கிளில் தீப்பொறி உண்டாக்கும் மாக்னெட்டோவின் முனைகளுக்கிடையே மெல்லிய தாளைச் செருகினேன். முனைகள் விலகித் தாள் உருவிக்கொள்ளும் கணத்தில்தான் தீப்பொறி விழும். பெட்ரோல் வாடை என்னை வள்ளியூர் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

அன்று கைக்குழந்தையான தங்கை எஸ்தருக்குத் தொண்டை அடைத்து மூச்சு இழுத்தது. பாளையங்கோட்டையிலிருந்து டாக்டரை அழைத்துவர வேண்டும். அப்பாவோ காலையில்தான் மாக்னெட்டோவைத் துடைக்கக் கழற்றியிருந்தார். திரும்பப் பூட்டுகையில் தீப்பொறி முந்தினால் வண்டி உதைக்கும், பிந்தினால் இழுக்காது. சரிபார்க்க ஏற்ற மெல்லிய தாள் வேதப்புத்தகத்தில் மட்டுமே இருந்தது. கடைசி வெற்றுத் தாளை அப்பா பிடித்தார்.

"கிழிக்காதீய! பிள்ளை இப்பிடிக் கெடக்கையில..." அம்மா பதறினாள்.

"எழுத்தில்லாத தாள்தானட்டி!"

உள்ளே குழந்தைக்கு மூச்சு விட்டுவிட்டு இழுத்தது. அம்மாவே புத்தகத்தைப் பிடுங்கித் தாளைக் கிழித்தாள். பிஸ்டனைத் தீப்பொறி விழவேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு அப்பா மாக்னெட்டோவை மெல்லத் திருப்ப, அம்மா தாளை இழுத்துப் பிடித்திருந்தாள். தாள் அசையவே இல்லை. பிறகு சட்டென்று உருவிக்கொண்டது.

"விட்டுட்டு!" அம்மா கத்தினாள்.

அப்பா திருகாணியை இறுக்கினார். வண்டி முதல் தள்ளலிலேயே கிளம்பியது.

இன்று என் வண்டியில் தாளைப் பிடித்திருப்பவள் எஸ்தர்.

"விட்டுட்டுண்ணே! ஒனக்கு ஏன் இப்பிடி வேர்க்கி? வண்டிதான!"

அவள் மூச்சு சீராக வருவதைக் கேட்டுக்கொண்டே திருகாணியை இறுக்கினேன்.