அலுமினியம் பூசிய சக்கரமும் அதன் எட்டு ஸ்டட்டுகளும்

பஸ்ஸுக்குச் சக்கரம் மாட்டுகிற வேலையில், ஒழுங்காக மாட்டினால் உங்கள் பெயர் ஒருவருக்கும் தெரியாது. பிசகினால் ஊருக்கே தெரியும். ஸ்பானர் பிடித்துக் கை காய்த்துப்போன என் இனத்தாரே, இதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதுக்கோட்டையில் சமஸ்தானம் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தபோது, ஒற்றை பஸ் வைத்திருந்த ஒரு முதலாளியிடம் நான் ஃபிட்டராக இருந்தேன். யுத்தத்தில் லாரியாக ஓடி, பிறகு கூடு கட்டிக்கொண்டு பஸ்ஸான கிழவண்டி அது. எனக்கு அப்போது வேலை பாதி, கனவு பாதி.

கழற்றுவது எப்படி

அந்த வண்டியில் ஒரு சூட்சுமம் உண்டு. வலது பக்கத்து நட்டுகள் உலகத்து நட்டுகளைப் போலத் திரும்பும். இடது பக்கத்தில் மரை தலைகீழ். மற்ற நட்டை இறுக்குகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். ஓட்டத்தில் தானாகக் கழன்றுவிடக் கூடாதென்று செய்த ஏற்பாடு.

ஒருநாள் காலை பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தேன். அந்த வாரம்தான் கொடும்பாளூர்ப் பக்கம் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தேன். மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். முகத்தைவிட மோர்தான் நன்றாக ஞாபகம் இருந்தது. பெண்ணின் அப்பா, "யோசிச்சுச் சொல்றோம் தம்பி" என்று அனுப்பிவிட்டார். அந்த மோரையே நினைத்துக்கொண்டு ஸ்பானரை வலது பக்கத்து நட்டுக்குத் திருப்புவதுபோலவே திருப்பினேன். நட்டு அசையவில்லை. ஸ்பானரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்றேன். டப்பென்று நட்டு ஏறியிருந்த இரும்புத் தண்டு, அதுதான் ஸ்டட், முறிந்தது. துருவாக இருக்கும் என்று அடுத்ததில் ஏறினேன். அதுவும் முறிந்தது. மூன்றாவதில் ஏறும்போது டிரைவர் சுப்பையா அண்ணன் டீக் கிளாஸோடு வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"இறுக்குற பக்கம் திருப்பிக்கிட்டு, கழலலன்னு அது மேல ஏறி நிக்கிறியேப்பா. எறங்கு, ஒனக்குக் கல்யாணம் ஆகுறவரைக்கும் எடது பக்கத்த நானே பாத்துக்கிறேன்."

சந்தனக்காப்பு

முதலாளி சத்தம் போடவில்லை. இன்னொரு ஸ்டட் முறிந்தால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார். மிச்சத்தையும் நம்ப முடியாதென்று எட்டையும் லேத்தில் புதிதாகக் கடைந்து வாங்கி, சக்கரம் உட்காரும் டிரம்மில் அடித்து இறக்கினோம். அதற்குள் அவருக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. ஏதோ படப் பத்திரிகையில் அலுமினியச் சக்கரம் போட்ட சீமை பஸ்ஸைப் பார்த்திருக்கிறார். நம் ஊரில் அதற்கு எங்கே போவது? கழற்றி வைத்திருந்த இரும்புச் சக்கரத்துக்கே அலுமினிய பெயிண்டைப் பாயசம்போலக் கெட்டியாகத் தம் கையால் பூசிவிட்டார். நிழலில் காய்ந்தபோது அழகாகத்தான் இருந்தது. நிலவில் அந்தச் சக்கரம் உருண்டுபோவதாக நானும் கொஞ்ச நேரம் கனாக் கண்டேன்.

ஆனால் நட்டு உட்காரும் இடத்தில் பெயிண்ட் இருக்கக் கூடாது. நட்டு இரும்பைக் கவ்வாமல் பெயிண்டைக் கவ்வும். ஓட ஓடப் பெயிண்ட் நசுங்கி நட்டு தளரும். அந்த இடத்தை மட்டும் சுரண்டிவிடட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

"சாமிக்குச் சாத்துன சந்தனக்காப்பச் சொரண்டுவியா நீ? அப்படியே மாட்டுப்பா."

முதல் நடை

மாட்டினேன். வேலை போனால் பெண்ணும் போய்விடுவாளே என்ற பயம்தான். புது ஸ்டட் போட்டால் முதல் நடையில் ஃபிட்டரும் ஸ்பானரோடு கூடப் போவது எங்கள் வழக்கம். கடைசி சீட்டில், அந்தச் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்தேன். ஏறிய கூட்டத்தில் பெண்ணின் அப்பாவும் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தார்.

சாயங்கால வெயில். சித்தன்னவாசல் பாறை ஜன்னலோரம் வெகுநேரம் கூடவே வந்தது. கண் செருகியது. பாறை மெல்ல மிதக்க, மோர்ச் செம்போடு ஒருத்தி அதன்மேல் நடந்து போனாள். அவள் வைக்கிற ஒவ்வோர் அடிக்கும் டக், டக் என்று கேட்டது. கொலுசுக்கு இந்தச் சத்தம் வராதே என்று தூக்கத்திலேயே தோன்றியது. விழித்துக்கொண்டேன். சத்தம் என் காலுக்குக் கீழிருந்து வந்தது.

சொன்னால் பெண்ணின் அப்பா முன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் ஊர் போய்ச் சேர்ந்தாலும் சேரலாம், சேராமலும் போகலாம். பஸ் நிறைய மடியில் மூட்டையும் பிள்ளையுமாக ஜனங்கள். எழுந்து, "அண்ணே, நிறுத்துங்க" என்று கத்தினேன். இறங்கிப் பார்த்தால், எட்டில் மூன்று நட்டு விரலால் திருகும் பதத்தில் இருந்தது. "யாருய்யா இத மாட்டுனது?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். "நாந்தேங்க. சரியா மாட்டல. எல்லாரும் எறங்கணும், நேரமாகும்" என்றேன். என் குரல் எனக்கே அழுகிறவன் குரலாகக் கேட்டது. முணுமுணுத்தார்களே தவிர ஒருவரும் அசையவில்லை. பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார்.

"எல்லாரும் எறங்கி இங்கிட்டு நெழல்ல நில்லுங்க. மாப்பிள்ளை சக்கரத்தப் பாத்து முடிக்கட்டும்."

சுரண்டல்

வெற்றிலை பாக்கு மாற்றும் முன் எங்கள் பக்கம் யாரையும் மாப்பிள்ளை என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டுவிட்டால் பேச்சு மாறுவதுமில்லை. ரோட்டோரம் முழங்காலிட்டுப் பெயிண்டைச் சுரண்டியபோது கண்ணில் நீர் நின்றதால், இரண்டு தடவை என் விரலையே சுரண்டிக்கொண்டேன். சந்தோஷத்தில் வலிக்கவில்லை.

மறுநாள் முதலாளியிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, கணக்கைத் தீர்த்துவிடுவார் என்று நின்றேன். அவர் குந்தி உட்கார்ந்து, எட்டு இடத்தில் இரும்பு தெரிந்த தம் வெள்ளிச் சக்கரத்தைத் தடவிப் பார்த்தார்.

"பூசுனது நானு. வேலைய விட்டுப் போறதுன்னா நாந்தேன் போவணும். மொதலாளியப் போச் சொல்ல இங்க ஆளு இல்ல, அதனால ரெண்டு பேரும் இருப்போம்."

நடுரோட்டில் எழுந்து தப்பை ஒப்புக்கொண்டதற்காகப் பெண் கொடுத்துவிட்டார்களா, அன்றிலிருந்து வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் முதலில் ஒப்புக்கொள்கிற ஆள் நானாகவே இருக்க வேண்டியதாகிவிட்டது.