ஈசானி மூலையில் வந்த சத்தம்

புதையல் தேட நான் அந்தக் கருவியைச் செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் இன்றைக்கும் என்னைப் புதையல்காரன் என்றுதான் பேசுகிறார்கள். பேசட்டும்.

எண்பதுகளின் நடுவில் வில்லியனூரில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். பக்கத்தில் மரம் அறுக்கிற மரவாடி. ஒரு நாள் மாமரத்துக்குள் எவனோ எப்போதோ அடித்த ஆணியில் ரம்பம் மோதி உடைந்தது. அறுத்துக்கொண்டிருந்தவருக்கு இரண்டு விரல் போனது. மரத்துக்குள் இரும்பு இருந்தால் முன்னாலேயே சொல்கிற மாதிரி ஒன்று செய்ய முடியுமா என்று வாடிக்காரர் கேட்டார். என்னிடம் இருந்த ஒரு இங்கிலீஷ் எலக்ட்ரானிக்ஸ் புத்தகத்தில் படம் இருந்தது. ஆரம்பித்தேன்.

வேலை கேட்பதற்குச் சுலபம். கம்பிச் சுருளுக்குள் மின்சாரத்தை ஒரு கணம் விட்டு உடனே நிறுத்த வேண்டும். நிறுத்தினதும், பக்கத்தில் உலோகம் இருந்தால் அதற்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் சுற்றிக்கொண்டு இருக்கும். அதைப் பிடித்துக் காதில் சத்தமாகக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் நிறுத்துகிற நேரத்தில் சுருள் திருப்பி அடிக்கிற அடியில் டிரான்சிஸ்டர் செத்துப்போகும். ஆறு டிரான்சிஸ்டரைக் கொன்றேன். சுருளுக்குக் குறுக்கே போடுகிற ரெசிஸ்டர் கொஞ்சம் கூடினால் சுருளே அதிர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். கொஞ்சம் குறைந்தால் செவிடாகிவிடும். மாற்றி மாற்றிப் போட்டு ஒரு மழைக்காலமே போனது. சல்லடையின் மரச்சட்டத்தில் சுருள் சுற்றினேன். பழைய மோட்டாரிலிருந்து உருவின கம்பி.

மரவாடியில் அது உதவவே இல்லை. ரம்பம், தண்டவாளம், சங்கிலி என்று நாலு பக்கமும் இரும்பு. எங்கே வைத்தாலும் கத்தியது. வாடிக்காரர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவில்லை. அபிஷேகப்பாக்கத்தில் ஒருவர் வயலில் கழன்று விழுந்த கலப்பைக் கொழுவை, முழங்கால் ஆழச் சேற்றில் இருந்ததை, எடுத்துக் கொடுத்தேன். அன்றோடு பேச்சு பரவிவிட்டது.

கரிக்கலாம்பாக்கத்திலிருந்து கரும்புக்காரர் வந்தார். கரும்பு போடுகிற பெரிய விவசாயி. பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவர் அப்பா எல்லை தாண்டித் தங்கம் கொண்டுபோனவர், சுங்கக்காரனுக்குப் பயந்து வீட்டிலேயே எங்கோ புதைத்தார், சொல்லாமலே செத்தார். இது ஊரறிந்த கதை. நம்பத்தான் யாரும் இல்லை, அவரைத் தவிர.

“இன்னா ரேடியோக்காரரே, உன் மிசினு எவ்ளோ ஆழம் போவும்?”

கொழுவுக்குப் போன ஆழத்தைச் சொல்லியிருக்கலாம். “சுருளைப் பெருசாக்குனா இடுப்பு ஆழம் போவும் ஐயா” என்றேன். மூங்கில் கூடையின் விளிம்பில் புதுச் சுருள் சுற்றினேன். தங்கத்துக்கும் தகரத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை. அயோக்கியத்தனம்தான்.

மண் வெட்ட என் மனைவியின் தம்பியைக் கூட்டிப் போனேன். இருபத்திரண்டு வயது. வேலை இல்லை, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

ஐப்பசி. நாலு நாள் மழை விட்டு அன்று காலைதான் வெயில் வந்திருந்தது. ஓட்டு வீடு, மண்சுவர். வடகிழக்கு மூலையில், வெளிப்பக்கம் சுவரை ஒட்டிச் சுருளை வைத்தேன். காதில் வந்த சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. ஹெட்போனைக் கழற்றிக் கரும்புக்காரர் காதில் மாட்டினேன். 

கரும்புக்காரரின் மனைவி வாசலில் நின்றிருந்தார். “ஈசானி மூலைல இன்னாத்துக்கு நோண்டுறீங்க? மனை போட்டப்ப செம்புல பஞ்சலோகம் வெச்சிருப்பாங்க. அதான் கத்துது.”

“பஞ்சலோகம் நாலு துளி போட்டிருப்பாங்கடி. அதுக்கு இவ்ளோ சத்தம் வருமா? இன்னாப்பா, வருமா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; எங்கள் வீடுகளில் சாமியார் தீர்த்தம் தெளித்து, அஸ்திவாரத்தில் ஒரு மாதா மெடல் போடுவார். நகம் அளவு. அதை மனதில் வைத்துக்கொண்டு, “வராது ஐயா, இது பெருசு” என்றேன். அவர்கள் செம்பு என்று சொன்னது நிஜமான ஒரு செம்பு, குடிக்கிற செம்பு, என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மச்சான் இறங்கினான். அரை அடி வெட்டுவான். கடப்பாரை உள்ளே இருந்தால் சுருள் பொய் சொல்லும் என்பதால் அதை மேலே நீட்டுவான். நான் வாங்கித் தூரப் போட்டுவிட்டுக் கேட்பேன். சத்தம் ஏறியிருக்கும். திரும்பக் கடப்பாரையைக் கொடுப்பேன். நான்தான் கொடுத்தேன், ஒவ்வொரு முறையும்.

இடுப்பளவு குழி ஆனபோது சத்தம் நேர் கீழே இல்லை, சுவருக்கு அடியில் போயிருந்தது. மச்சான் பக்கவாட்டில் குடைய ஆரம்பித்தான். அப்போதுதான் பார்த்தேன். சுவரிலிருந்து கடுகு கடுகாக மண் உதிர்ந்து, குழியில் தேங்கின தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது.  சுவரின் அடியில் கை வைத்தேன். ஊறின ரொட்டி மாதிரி அமுங்கியது.

“டேய், ஏறிடு.”

“இரு மாமா.”

“சுவரு ஊறிக் கெடக்குதுடா. ஏறு மேல.”

கரும்புக்காரர் என் தோளைப் பிடித்தார். “நூறு வருசம் நின்ன சுவருய்யா. சொம்மா பயமுறுத்தாத.”

“மிசினு தப்பு ஐயா. எனக்குச் சந்தேகமா கீது. அங்க ஒண்ணும் இல்ல.” வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். அவரே காதில் மாட்டிக் கேட்டிருந்தார், எப்படி நம்புவார்?

குழிக்குள்ளிருந்து ‘டங்’ என்று ஒரு சத்தம். மெஷின் சத்தம் இல்லை, நிஜச் சத்தம். மச்சான் சிரித்தான். “மாமா, மூடி தட்டுப்படுது மாமா!” கடப்பாரையைப் போட்டுவிட்டு, தோள் வரை கையைச் சுவருக்கு அடியில் விட்டான். கன்னம் சுவரில் ஒட்டியிருந்தது. நான் மண்டிபோட்டு அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். “வுடு மாமா, கைல வந்துடுச்சி” என்றான். சட்டைதான் கிழிந்தது.

சுவர் பெரிய சத்தம் போடவில்லை. மூட்டை சாய்வதுபோல உட்கார்ந்தது. ஓடுகள்தான் சத்தம் போட்டன. புழுதி அடங்கினபோது குழியும் இல்லை, மச்சானும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தச் சனியனை எடுத்து மண்மேல் வைத்தேன். அவன் காலடியில் கடப்பாரை கிடந்ததே, அதை வைத்து இடம் கண்டுபிடிக்கலாம் என்று. எங்கே வைத்தாலும் கத்தியது. செம்பு, கடப்பாரை, ஓட்டுச் சட்டத்தின் ஆணி, எல்லாம் அதற்கு ஒன்றுதான். மனுசன் இருப்பதை மட்டும் சொல்லவில்லை. தூக்கி எறிந்துவிட்டுக் கையால் மண்ணைப் பறித்தேன். கரும்புக்காரரின் மனைவிதான் எனக்கு எதிரில் உட்கார்ந்து பறித்தார். மாதாவே மாதாவே என்று நான் கத்திக்கொண்டிருந்ததாக அவர் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை. ஓடுகளுக்குக் கீழே ஒரு இருமல் கேட்டது, அதுதான் நினைவிருக்கிறது.

முகம் வெளியே வந்ததும் மண்ணைத் துப்பிவிட்டு அவன் கேட்டது, “தங்கமா மாமா?”

செம்புதான். பச்சை பிடித்த செம்பு, அடியில் ஐந்து துண்டு உலோகம், மக்கின தானியம். அவன் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கால் குட்டையாகிவிட்டது. பெண் வீட்டார் நிச்சயத்தை முறித்துக்கொண்டார்கள். என் மனைவி ஒரு மாதம் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

மாசியில் ஒரு நாள், உச்சி வெயிலில் கோல் ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தான். உட்கார்ந்தான். எங்கெங்கோ பார்த்துவிட்டுக் கேட்டான்.

“செம்புக்குக் கீழ இன்னும் இருக்கலாம்ல மாமா? செம்ப எடுத்தப்புறம் நீ வெச்சிப் பாக்கவே இல்லையே.”

 சுவர் விழுந்தபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. நான் எழுந்து, மூலையில் கிடந்த கூடைச் சுருளை எடுத்து, அவன் கண்முன்னால் கட்டர் வைத்து வெட்டினேன். ஒவ்வொரு சுற்றாக, எல்லாவற்றையும். போர்டையும் மிதித்தேன்.

“பாத்தியா? முடிஞ்சிது.”

“மிசினு எதுக்கு மாமா? எடம்தான் தெரியுமே” என்றான்.

கோலை ஊன்றி இறங்கினான். வீட்டுக்குப் போக இடது பக்கம் திரும்ப வேண்டும். அவன் வலது பக்கம், கரிக்கலாம்பாக்கம் பஸ் நிற்கிற பக்கம் திரும்பினான். கடையைப் பூட்டாமலே பின்னால் ஓடினேன்.