எஷ்ரத்தின் பித்தளைச் சக்களத்தி

எஷ்ரத்துக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். ஒன்றரைக் கிலோ எடை, பித்தளை உடம்பு. பச்சை வெல்வெட் உறைக்குள் தூக்கம். அலமாரியின் மேல்தட்டில், குளிர்காலப் போர்வைகளுக்கும் மேலே, வீட்டிலேயே உயர்ந்த இடம் அவளுக்குத்தான்.

ஈரான் தலைநகரில், எங்கள் ஜவாதியே தெருவில் அந்தப் பித்தளை ஊதுகொம்பை அறியாதவர் கிடையாது. அதை ஊதுகிறவர் எஷ்ரத்தின் கணவர் ஹேபத். பஞ்சர் கடைக்காரர். கடைக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் வீடு. வாரமெல்லாம் டயர் கழற்றி மாட்டும் மனிதர், தேசியக் கால்பந்து அணி ஆடும் நாளில் ராஜாவாகிவிடுவார். பெரிய அரங்கத்தில், ஸ்கோர் பலகைக்குக் கீழே இருந்த கம்பியில் ஏறி நின்று மூன்று முறை ஊதுவார். இரண்டு குட்டை, மூன்றாவது நீளம். உடனே லட்சம் பேரும் ஒரே தொண்டையாக, "ஈரான்!" என்று பதில் கொடுப்பார்கள்.

கல்யாணத்தன்றே எஷ்ரத் தன் நிலைமையைத் தெரிந்துகொண்டாள். மறுநாள் ஆட்டம். மாலை போட்ட காரின் பின் இருக்கையில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே கொம்பு உட்கார்ந்திருந்தது.

"இது எதுக்கு நடுவுல?" என்றாள் புதுப்பெண்.

"கீழ வெச்சா நசுங்கிடும், எஷ்ரத்."

"என் விலாவுல குத்துதே, நான் நசுங்க மாட்டேனா?"

"நீ சதை. சரியாயிடும். இது பித்தளை."

அந்த வார்த்தையை அவள் மறக்கவே இல்லை. முப்பத்துநான்கு வருடங்களில் எங்கள் தெருப் பெண்களிடம் அதை முப்பத்துநான்கு தடவையாவது சொல்லியிருப்பாள்.

மகள் நஸ்தரன் பிறந்த மாலையும் ஆட்ட நாள்தான். பிரசவ வார்டில் யாரோ வானொலி வைத்திருந்தார்கள். வலியில் எஷ்ரத் கட்டில் கம்பியைப் பிடித்துக் கத்துகிறாள். வானொலியில் அவள் புருஷன் ஊதுகிறான். லட்சம் பேர் பதில் சொல்கிறார்கள். அவள் கத்தலுக்கு ஒரு தாதி மட்டும், "கொஞ்சம் பொறும்மா" என்றாள். ஆட்டம் முடிந்து ஹேபத் ஓடி வந்தபோது அவர் உதடு வீங்கித் தக்காளிபோல் இருந்தது. குழந்தையின் நெற்றியில் முத்தமிடக்கூட முடியவில்லை. மூக்கால் தொட்டார்.

அரங்கத்துக்குள் பெண்களை விடாத காலம் அது. எஷ்ரத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பாள். காமிரா கூட்டத்தின் மேல் நகரும்போதெல்லாம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்த் தேடுவாள். ஒரு தடவைகூட அவர் முகம் கிடைத்ததில்லை. லட்சம் கடுகில் ஒரு கடுகு. சக்களத்தியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும். அதற்குக் கிடைக்கும் பதிலும் கேட்கும்.

"சாப்பிட வாங்கன்னு நான் நாலு தடவை கூப்பிட்டாலும் இந்த மனுஷன் 'ம்'ன்னு சொல்ல மாட்டார்" என்று என் மனைவியிடம் மூக்கைச் சிந்துவாள். "அந்தப் பித்தளைச் சிறுக்கி ஒரு தடவை கூப்பிட்டா ஊரே பதில் சொல்லுது. எனக்கு வயிறு எரியாதா, சொல்லு?"

எரிந்தது. எரிந்து எரிந்து ஒரு நாள், ஆட்டத்துக்கு முன்பு, கொம்பின் தொண்டைக்குள் கைக்குட்டையைத் திணித்துவிட்டாள். அரங்கத்தில் ஹேபத் ஊதினார். காற்றுதான் வந்தது. விரலை விட்டு இழுத்தால் மனைவியின் கல்யாணக் கைக்குட்டை! மறுநாள் கடையில் அதை எல்லோரிடமும் காட்டினார். "உள்ள தூசி போயிடக் கூடாதுன்னு வெச்சிருக்கா. இந்தக் கொம்பு மேல என்னைவிட அவளுக்குத்தான் பாசம் ஜாஸ்தி." திரைக்குப் பின்னால் எஷ்ரத் அழுதாள். அது கோபமா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு காலம் மாறியது. ஒரே நாளில் மாறவில்லை. அரங்கம் இருக்கை இருக்கையாகக் காலியானது.

ஆட்டத்தை வேலை நாள் மதியம் மூன்று மணிக்கு வைத்தார்கள். சீட்டு செல்போனில்தான் என்றார்கள். செல்போனில் சரிபார்ப்பு எண் வரவே வராது. பத்து வாசலில் ஒன்றைத் திறந்து, அதிலும் அரை மணி நேரம் நிற்கவைத்தார்கள். உள்ளே போனால் குழாயில் தண்ணீர் கிடையாது. தலைநகரில் என்று அறிவித்த ஆட்டத்தை இரண்டு நாளுக்கு முன்பு வேறு ஊருக்கு மாற்றினார்கள். சிவப்புச் சட்டைக் கிளப்புக்கும் நீலச் சட்டைக் கிளப்புக்கும் ஆட்டம் என்றால் அரங்கம் பிதுங்கும். நாட்டின் அணி என்றால் சிமெண்ட் தெரியும். அதற்கும் ஹேபத் வயிறெரிந்தார். "கிளப்புக்கு உயிரைக் குடுக்கறாங்க. நாட்டுக்கு ஒரு சாயங்காலம் குடுக்க மாட்டேங்கறாங்க" என்று டயர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

கடைசியாக அவர் போனது ஒரு குளிர்கால ஆட்டத்துக்கு. மூன்று முறை ஊதினார். பதினோரு பேர் பதில் சொன்னார்கள். அவரே எண்ணினாராம். எதிரணி கோல்கீப்பர் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

அந்தச் சிரிப்போடு வீட்டுக்கு வந்து கொம்பை உறையில் போட்டுக் கட்டினார். பிறகு அவிழ்க்கவில்லை.

எஷ்ரத் மனசுக்குள் அல்வா கிண்டினாள். ஒழிந்தாள் சக்களத்தி! ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. கொம்போடு சேர்ந்து மனிதரும் ஊமையாகிவிட்டார். முன்பெல்லாம் கூப்பிட்டால் கவனம் வேறெங்கோ இருக்கும். இப்போது எங்கும் இல்லை. தட்டில் வைத்த இறைச்சியும் கொண்டைக்கடலையும் ஆறிப் போகும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

முஹர்ரம் துக்க மாதம் நெருங்கியது. எங்கள் பகுதியின் துக்க நாடகக் குழுத் தலைவர் கரமலி ஒரு நாள் கடைக்கு வந்தார். "ஹேபத் அண்ணே, படை கிளம்பற காட்சிக்கு ஊத எங்ககிட்ட நல்ல கொம்பு இல்ல. உங்களுது சும்மாதானே கிடக்கு?"

ஹேபத் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கோ. திருப்பித் தர வேணாம். அது இனிமே அழறதுக்குத்தான் லாயக்கு."

அதே செவ்வாய்க்கிழமை தேசிய அணிக்கு ஆட்டம். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் நஸ்தரன் இரண்டு சீட்டோடு வந்து நின்றாள். இப்போது பெண்களுக்கு ஒரு மூலையை ஒதுக்கியிருந்தார்கள்.

"அம்மா, நீயும் வா."

"நானா? அந்தச் சக்களத்தி வீட்டுக்கா?" எஷ்ரத் சிறிது யோசித்தாள். "சரி, வரேன். துக்கம் விசாரிச்சுட்டு வந்துடலாம்."

செவ்வாய் மதியம் அவள் திரையை விலக்கிக்கொண்டு கடைக்குள் வந்தபோது நாங்கள் நான்கு பேர் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். கன்னத்தில் மகள் வரைந்த கொடி. உதட்டில் சாயம். ஹேபத் சர்க்கரைக் கட்டியை வாயில் போட மறந்து பார்த்தார்.

"யாருக்கு இந்த அலங்காரம்?"

"உங்க பழைய காதலிக்கு, அந்த அரங்கத்துக்கு. பாத்து ரொம்ப நாளாச்சாமே, நான் விசாரிச்சதா சொல்றேன்."

"ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. புருஷன் இருக்க வேண்டிய இடத்துல இல்லாம வேற இடத்துல நிக்கறதுதானே?"

நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. முகம் சிறுத்துப் போயிற்று. முப்பது வருடம் வெயிலிலும் பனியிலும் வரிசையில் நின்றவர் அவர். இவள் உதட்டுச் சாயத்தோடு டாக்சியில் போகிறாள். ஆனாலும் வாசல்வரை போய்க் கத்தினார்: "நஸ்தரன், அம்மாவுக்குத் தண்ணி எடுத்துக்க! உள்ள கிடைக்காது!"

எஷ்ரத் பிறகு சொன்னது இது. தூரத்து வாசல் ஒன்றில் இறக்கிவிட்டார்கள். நெடுநேரம் நடந்து, படி ஏறி, கடைசியில் வெளிச்சத்துக்கு வந்தாள். பெண்களின் மூலை மட்டும் நிறைந்து வழிந்தது. மிச்சமெல்லாம் வெறுமை. வெயிலில் காய்ந்த பொட்டல்போல் வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். எதிர்ப்பக்கம் லாரியில் கொண்டுவந்து இறக்கிய சிப்பாய்ப் பையன்கள் ஒரு கொத்து, கேக் தின்றுகொண்டு பாதித் தூக்கத்தில்.

"அப்பா எங்கடி நிப்பார்?" என்று கேட்டாள்.

நஸ்தரன் ஸ்கோர் பலகையைக் காட்டினாள். அதன் கீழே ஒரு கம்பி. கம்பியில் காக்கைகூட இல்லை.

சிரிக்கத்தான் வந்திருந்தாள். இந்த வீட்டை நினைத்துத்தான் முப்பத்துநான்கு வருடம் வெந்தாள். அது பாழடைந்து கிடந்ததைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. வாழ்ந்து கெட்டவளைப் பார்த்தால் சக்களத்திக்கும் கண்ணில் நீர் வரும் போலிருக்கிறது.

இங்கே கடையில் நாங்கள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். கரமலியும் கொம்புக்காக வந்துவிட்டார். ஹேபத் உறையைக் கொண்டுவந்து மடியில் வைத்திருந்தார். இரண்டாம் பாதியில் எதிரணி கோல் போட்டது. அரங்கம் செத்துப்போனது. பயிற்சியாளர் ஆட்டக்காரனைத் திட்டுவதுகூடத் தெளிவாகக் கேட்டது.

அந்த நிசப்தத்தில் ஒரு குரல் எழுந்தது. கொம்பு இல்லை, வாய். யாரோ கையைக் குவித்து ஊதுவதுபோல், "பூ! பூ! பூ!"

ஹேபத்தின் கை உறைமேல் நின்றது. "எஷ்ரத்" என்றார்.

"அண்ணே, அங்க அத்தனை பொம்பளைங்க இருக்காங்க" என்றார் கரமலி. "எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"முப்பத்துநாலு வருஷமா சாப்பிட வாங்க, சாப்பிட வாங்கன்னு கூப்பிட்ட குரல்டா அது. எனக்குத் தெரியாதா?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஆக, அத்தனை தடவையும் அந்த மனிதருக்குக் கேட்டிருக்கிறது!

மறுபடியும் அந்தக் குரல். பெண்கள் சிலர் சிரிப்பது கேட்டது. மூன்றாவது தடவை சிரிப்பு இல்லை. "ஈரான்!" என்று மூலை முழுவதும் பதில் கொடுத்தது. அடுத்த தடவை எதிர்ப்பக்கத்துச் சிப்பாய்களும் கேக்கை விழுங்கிவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஹேபத்துக்கோ முகம் கறுத்தது.

"தப்பா ஊதறா" என்றார். "மூணாவதை நீட்டணும். நான் கண்டுபிடிச்சது அது. எனக்குப் பதினோரு பேரு. அவளுக்கு..." மேலே சொல்லாமல் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். ஆட்டத்தில் தோற்றதை அப்புறம் பக்கத்து ரொட்டிக் கடையில்தான் தெரிந்துகொண்டோம்.

விளக்கு வைத்த பிறகு எஷ்ரத் வந்தாள். கன்னத்துக் கொடி வியர்வையில் கழுத்துவரை வழிந்திருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தொண்டை சுத்தமாகப் போயிருந்தது.

ஹேபத் எழுந்தார். "வாங்கம்மா, வாங்க. மகாராணி வந்தாச்சு! இனிமே இந்த வீட்டுல கொம்பு எதுக்கு? வாயாலேயே ஊத ஆள் இருக்கு. கரமலி, எடுத்துட்டுப் போ!"

வெல்வெட் உறையைக் கரமலியின் கையில் திணித்தார். பொறாமை ஒரு மனிதரின் முகத்தை எப்படிக் குழந்தை முகமாக்கிவிடுகிறது என்று அன்று பார்த்தேன்.

எஷ்ரத் அசையாமல் நின்றாள். கல்யாணக் காரில் விலாவில் குத்தியவள், பிரசவ நேரத்தில் புருஷனைப் பிடுங்கிக்கொண்டவள் இதோ வீட்டைவிட்டுப் போகிறாள். எத்தனை இரவு வேண்டிக்கொண்ட வரம்! கண்ணை மூடிக்கொண்டால் போதும்.

அவள் இரண்டே எட்டில் போய் உறையைக் கரமலியிடமிருந்து பிடுங்கினாள்.

"அண்ணி, அண்ணேதான் குடுத்தார்..."

தலையை இல்லை என்று ஆட்டினாள். மார்போடு அணைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டாள். நஸ்தரனும் பின்னாலேயே ஓடினாள்.

ஹேபத் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். உள்ளே அடுப்பு பற்றவைக்கும் சத்தம். பாத்திரச் சத்தம். கொஞ்ச நேரத்தில் வதங்கும் வெங்காய வாசனை கடைக்குள் வந்தது. கரமலி மூன்றாவது கோப்பைத் தேநீரை வாயருகே கொண்டு போனார்.

அப்போது திரைக்குப் பின்னால், சளி பிடித்த கழுதை கனைத்ததுபோல் ஒரு சத்தம். இன்னொன்று. மூன்றாவது பாதியிலேயே முறிந்தது. கரமலிக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

தொண்டை போன எஷ்ரத், சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறாள்.

ஹேபத் எங்களைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"வரேன்" என்றார். உள்ளே கேட்டிருக்காதோ என்று சந்தேகப்பட்டவர்போல், ஸ்டூல் பின்னால் சாய எழுந்து, அரங்கத்துக்கே கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்: "இதோ வரேன், எஷ்ரத்!"

திரையருகே நின்று கரமலியிடம் திரும்பினார். "நீ வேற கொம்பு பாத்துக்கப்பா. இதை அவ தர மாட்டா."

திரை விழுந்தது. நாங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளே தட்டு வைக்கும் சத்தத்தோடு அவர் குரல் கேட்டது.

"இங்க குடு. மூணாவதை நீட்டணும்டி. எத்தனை தடவை டிவியில கேட்டிருப்பே... சரி, எத்தனை பேரு பதில் சொன்னாங்க? உண்மையைச் சொல்லு. விரல்ல காட்டு."